பிடிக்கப் பிடிக்க எலி வந்துகொண்டே இருக்கிறதே!

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று மாதமாக எலித் தொல்லை. முதலில் கூண்டு வைத்தோம், ஆறு எலி மாட்டியது. அதற்குப் பிறகு ஒரு மாதமாக ஒன்றுகூட மாட்டவில்லை. ஆனால் ராத்திரியில் பரண் மேல் ஓடும் சத்தம் நிற்கவில்லை. பசை அட்டை வைத்தோம், எலி மருந்தும் வைத்தோம். எங்கோ ஒன்று செத்துப்போய் இரண்டு வாரம் நாற்றம் தாங்க முடியவில்லை. போன வாரம் வாஷிங் மெஷின் வயரைக் கடித்துவிட்டது. என் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. ஒன்றரை வயதுப் பேரன் தரையில் கிடப்பதையெல்லாம் எடுத்து வாயில் போடுகிறான். பூனை வளர்த்தால் சரியாகுமா? ஒலி எழுப்பி எலியை விரட்டும் கருவி வாங்கலாமா? வீட்டைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன், அப்படியும் ஏன் வருகிறது? இன்னொன்று. பிறக்கப்போகும் குழந்தைக்காக எடுத்து வைத்திருந்த துணிப் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. அந்தத் துணிகளைப் பயன்படுத்தலாமா, தூக்கிப் போட்டுவிட வேண்டுமா?

பதில்: அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே ஒரு வேலை செய்துவிடுங்கள். வீட்டுக்குள் எங்கெல்லாம் எலி மருந்து வைத்தீர்களோ அங்கெல்லாம் போய், கையுறை போட்டுக்கொண்டு, அதை எடுத்துவிடுங்கள். எத்தனை கட்டி வைத்தீர்கள், எத்தனை திரும்பக் கிடைத்தன என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால் எலி தின்றுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். வைத்த இடத்திலேயே உட்கார்ந்து தின்னாமல், கட்டியைக் கவ்விக்கொண்டு போய் வேறு எங்காவது பதுக்கி வைக்கும் பழக்கம் எலிக்கு உண்டு. சோபாவுக்கு அடியிலிருந்தும் பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்தும், ஒரு முறை குழந்தையின் பொம்மைக் கூடையிலிருந்தும்கூட நான் எடுத்திருக்கிறேன். உங்கள் பேரன் தவழ்ந்தும் குனிந்தும் எட்டக்கூடிய எல்லா இடத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் நான் மருந்து வைப்பதில்லை. எலி மருந்து என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருக்கும் சரக்கு வேறு வேறு. ஒரு வகை, இரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்வது. அதில் பழையது வார்ஃபரின். 1948 வாக்கில் எலி மருந்தாக வந்தது. அதே பொருளைத்தான் பின்னால் இரத்தக்கட்டு வராமல் இருக்க நோயாளிகளுக்கு மாத்திரையாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1958ல் ஸ்காட்லாந்தில் அதற்கு மசியாத எலிகளைக் கண்டார்கள். அதனால் இன்னும் வீரியமான புரோமாடியோலோன், புரோடிஃபேகும் போன்றவை வந்தன. இவற்றைத் தின்ற எலி அங்கேயே விழுந்து சாகாது. மூன்று நாலு நாள், சில நேரம் ஒரு வாரம்கூட நடமாடிக்கொண்டிருக்கும். கடைசியில் பலவீனமாகித் தன் பொந்துக்குள் போய்ப் படுத்துவிடும். மருந்து தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே ஓடிப்போய்ச் செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது உண்மையில்லை. இரண்டு வாரம் நீங்கள் அனுபவித்த நாற்றம் அப்படித்தான் வந்தது.

பசையாக வரும் மஞ்சள் பாஸ்பரஸ், பொடியாக வரும் துத்தநாக பாஸ்பைடு இரண்டுக்கும் மாற்று மருந்தே கிடையாது. உறைதலைத் தடுக்கும் வகைக்கு வைட்டமின் கே1 உண்டு, அதையும் மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் மிகவும் ஏமாற்றக்கூடியது. முதல் நாள் வாந்தி வந்து, அடுத்த ஒன்றிரண்டு நாள் ஆள் தெளிந்தது போலத் தெரியும், அதன் பிறகுதான் கல்லீரல் கைவிடும். ஆகவே குழந்தை வாயில் வைத்திருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நன்றாகத்தானே விளையாடுகிறான் என்று காத்திருக்காதீர்கள். தானியம் கெடாமலிருக்க வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் எலிக்கு வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்கவே வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு, மூடிய அறையில் தூங்கும் மனிதர்களையே கொன்றிருக்கிறது.

வாஷிங் மெஷினின் பிளக்கையும் உடனே பிடுங்கிவிடுங்கள். கடித்த இடத்தில் டேப் சுற்றி ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம், வயரை மாற்ற வேண்டும். வெளியே ஒரு இடம் தெரிகிறது என்றால் மெஷினுக்கு அடியில் தெரியாத இடத்திலும் கடித்திருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெஷினைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். சுத்தமாக இருந்தும் ஏன் வருகிறது? இதைக் கேட்கும்போது பலர் குரல் தாழ்ந்துபோகும், அக்கம்பக்கம் கேட்டுவிடுமோ என்று. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஒரு சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு 3 கிராம் தீனி போதும். தண்ணீர்கூட அதிகம் வேண்டாம், தின்பதில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும். குழந்தை சிந்திய பருக்கையும் அடுப்புக்குப் பின்னால் விழுந்த தூளும் அந்த 3 கிராமைக் கொடுத்துவிடும். பெரிய எலிக்கு 15 முதல் 30 கிராம் வரை தேவை, தண்ணீரும் வேண்டும். எத்தனை எலி தங்க முடியும் என்பதைத்தான் சுத்தம் குறைக்கும். உள்ளே வருவதைத் தடுப்பது சுவர். சுவரில் வழி இருந்தால் எந்த வீட்டுக்கும் வரும்.

நீங்கள் ஆறு எலியைப் பிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள், அவை எப்படி உள்ளே வந்தன என்று பார்த்ததாக எழுதவில்லை. மூன்று மாதமாக நீங்கள் பட்ட பாடெல்லாம் வீணானது இந்த ஓர் இடத்தில்தான். சுண்டெலியின் கர்ப்பம் மூன்றே வாரம். ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி, ஈன்ற கையோடு மறுபடி சினையாகும். குட்டி ஆறேழு வாரத்தில் தானே குட்டி போடத் தயாராகிவிடும். வழியைத் திறந்து வைத்துக்கொண்டு கூண்டு வைத்தால் நாம் பிடிக்கும் வேகம் அது பெருகும் வேகத்துக்கு ஈடு கொடுக்காது. உள்ளே இருப்பதைப் பிடித்தாலும் காலியான இடத்துக்கு வெளியிலிருந்து இன்னொன்று வந்து சேரும்.

வந்திருப்பது எது என்று முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் வேலை அதைப் பொறுத்து மாறும். புழுக்கையைப் பாருங்கள். அரிசி அளவில், 3 முதல் 6 மில்லிமீட்டர், நுனி கூராக இருந்தால் சுண்டெலி. ஒரு சுண்டெலியே ஒரு நாளில் ஐம்பதுக்கு மேல் போடும், ஆகவே நிறையக் கிடப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 12 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரிய எலி. பெரிய எலியிலும் இரண்டு வகை. வால் உடம்பைவிட நீளமாக, காது பெரிதாக இருப்பது மேலே ஏறும் வகை, பரணும் கூரையும் கேபிளும் மரக்கிளையும் அதன் பாதை. உடம்பு தடித்து, வால் உடம்பைவிடக் குட்டையாக இருப்பது தரையில் வளை தோண்டும் வகை, சாக்கடையும் வடிகாலும் அதன் பாதை. பரண் மேல் சத்தம் என்று எழுதியிருப்பதால் உங்கள் வீட்டில் இருப்பது ஏறும் எலியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். புழுக்கையைப் பார்த்து நீங்கள்தான் உறுதி செய்ய வேண்டும். புதுப் புழுக்கை கறுப்பாக, ஈரப்பசையோடு இருக்கும். பழையது சாம்பல் நிறமாகி, குச்சியால் அழுத்தினால் பொடியாகும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

தரையோரமாக நீண்ட மூக்கோடு, கீச்சென்று கத்திக்கொண்டு ஓடுவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் பிராணி. வயரையும் துணியையும் அது கடித்துக் குதறாது. ஒரு வீட்டில் மூஞ்சூறைப் பார்த்துவிட்டு ஆறு பொறி வாங்கி வைத்திருந்தார்கள். கதவடி இடைவெளியை மூடியதோடு அது வருவது நின்றது.

இப்போது துளை தேடும் வேலை. ஒரு பகல் முழுக்க இதற்கு ஒதுக்குங்கள். கையில் ஒரு டார்ச், ஒரு பென்சில், ஒரு சாக்பீஸ் போதும். வீட்டுக்கு வெளியே ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று. பென்சில் நுழையும் துளையில் சுண்டெலி நுழைந்துவிடும், 6 மில்லிமீட்டர்தான் கணக்கு. 12 மில்லிமீட்டர் இருந்தால் எலிக்குட்டி வரும், கட்டை விரல் தாராளமாகப் போனால் பெரிய எலியே வரும். கண்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போங்கள். நின்றுகொண்டு தேடினால் பாதிதான் தெரியும். தரையில் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்து டார்ச்சைச் சாய்வாக அடித்தால்தான் எலி பார்க்கும் வீடு நமக்குத் தெரியும். முட்டி வலி இருந்தால் வீட்டில் இளையவர் யாரையாவது படுக்கச் சொல்லுங்கள், மகளை மட்டும் வேண்டாம்.

எட்டு மாதமாக எலியோடு போராடிய ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை சிங்க்குக்குக் கீழே இருந்த அலமாரியின் பின்பலகையைக் கழற்றினேன். கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில், குழாயைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. ஒரு பிளாஸ்டிக் வளையம் பேருக்கு அதை மூடியிருந்தது. அதன் ஓரம் அரைவட்டமாகக் கடிக்கப்பட்டு, பல் தடம் இரண்டு இரண்டாகப் பதிந்திருந்தது. கீழே வெள்ளைப் பிளாஸ்டிக் தூள், உளியால் சீவியது போல. துளையின் மேல் விளிம்பு மட்டும் கறுத்து மினுமினுவென்று இருந்தது, எண்ணெய்க் கையால் தினமும் தொடும் கதவுக் கைப்பிடி மாதிரி. எலியின் முதுகு உரசி உரசி ஏறிய அழுக்கு அது. விரலுறையோடு தடவிப் பார்த்தேன், ஒட்டியது. காய்ந்து உதிர்ந்திருந்தால் பழைய பாதை, ஒட்டினால் நேற்று ராத்திரிகூட அது வழியாகப் போயிருக்கிறது. அந்த எட்டு மாதத்தில் முப்பதுக்கு மேல் பிடித்திருந்தார்கள். கம்பி நாரும் அரைப் பிடி சிமென்ட்டும் வைத்து அந்த இடத்தை அடைத்தோம். உள்ளே மிச்சமிருந்த மூன்றைப் பிடித்ததோடு தொல்லை தீர்ந்தது. இரண்டு வருஷம் கழித்தும் அந்த வீட்டம்மா போனில் சொன்னார், ஒன்றுகூட வரவில்லை என்று.

உங்கள் வீட்டில் நான் முதலில் பார்க்கக்கூடிய இடங்களைச் சொல்கிறேன். சிங்க்கின் அடி, வாஷிங் மெஷினின் தண்ணீர் வெளியேறும் குழாய், ஏசி குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடம், கதவின் அடி. குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் மேல் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பரணுக்கு மேலே சுவரும் கூரையும் சேரும் மூலை, காற்றுப்போக்கிக்கு விட்ட இடைவெளி, கேபிளும் இன்டர்நெட் வயரும் நுழையும் துளை இவை ஏறும் எலியின் வாசல். வெளியே மரக்கிளை ஏதாவது கூரையைத் தொடுகிறதா? எலி கிடைமட்டமாக ஒரு மீட்டருக்கு மேல் தாண்டும், ஆகவே கிளை கூரையிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

அடைப்பதற்குப் பஞ்சு, துணி, காகிதம், தெர்மோகோல் எதுவும் உதவாது. எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், அது கடித்தே ஆக வேண்டும். குழாயிலிருந்து பீய்ச்சி அடைக்கும் ஃபோம் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், ஒரே ராத்திரியில் துளைத்துவிடும். பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத கம்பி நாரை இறுக்கமாகத் திணித்து, மேலே சிமென்ட் கலவையோ சிலிக்கானோ பூசுங்கள். கம்பி நார் வாயில் குத்துவதால் எலி விலகிவிடும். சாதாரண இரும்பு நார் துருப்பிடித்துக் கொட்டிவிடும், அதனால் துருப்பிடிக்காததாகவே கேட்டு வாங்குங்கள். காற்று போக வேண்டிய இடத்துக்குக் கம்பி வலை, கண் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கதவடிக்கு வெறும் ரப்பர் போதாது, உலோகப் பட்டை வைத்தது வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் எலி சுவருக்குள் மாட்டிக்கொண்டு சாகும், மறுபடி நாற்றம். அதிகம் பயன்படும் துளை எது என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. படுக்கப்போகும் முன் சந்தேகமான துளைகளுக்கு முன்னால் கொஞ்சம் மாவைச் சலித்து மெல்லிசாகத் தூவிவிடுங்கள். காலையில் பாதத் தடமும், நடுவில் வால் இழுத்த கோடும் பதிந்திருக்கும். பேரன் எழுவதற்குள் பார்த்துவிட்டுத் துடைத்துவிடுங்கள். தடம் இல்லாத துளைகளை முதலில் அடையுங்கள். தடம் அதிகமுள்ள துளைக்கு அருகில் பொறி வையுங்கள். தொடர்ந்து ஏழெட்டு ராத்திரி எங்கும் தடம் இல்லை, சத்தமும் இல்லை என்றால் அந்தக் கடைசி வழியையும் மூடிவிடலாம்.

முதலில் ஆறு மாட்டி, பிறகு ஒன்றுமே மாட்டாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய எலிக்குப் புதுப் பொருள் எதைக் கண்டாலும் பயம். தன் பாதையில் நேற்று இல்லாத ஒன்று இன்று இருந்தால் பல நாள் சுற்றிப் போகும். மாட்டிய ஆறும் பெரும்பாலும் அனுபவமில்லாத குட்டிகளாக இருந்திருக்கும், மூத்தது மிச்சமிருக்கிறது. அதனால் பொறியைத் தீனியோடு வைத்து, ஆனால் விசையை ஏற்றாமல், நாலைந்து நாள் விட்டுவிடுங்கள். தீனி காணாமல் போக ஆரம்பித்தால் அது பழகிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு ராத்திரி எல்லாப் பொறியிலும் ஒரே நேரத்தில் விசையை ஏற்றுங்கள். சுண்டெலியின் குணம் நேர் எதிர். புதுப் பொருள் என்றால் மோந்து பார்க்க வந்துவிடும். இரண்டு ராத்திரியில் மாட்டவில்லை என்றால் பொறியை இரண்டடி தள்ளி வையுங்கள், ஏனென்றால் அது கூட்டிலிருந்து ஆறேழு மீட்டருக்கு மேல் அதிகம் போகாது.

பொறியை அறை நடுவில் வைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. எலிக்குக் கண் பார்வை மட்டம். மீசை முடி சுவரில் படப் படத்தான் அது ஓடும். பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, தீனி இருக்கும் பக்கம் சுவரைத் தொடும்படி வையுங்கள். ஒன்றிரண்டு போதாது. சுண்டெலிக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்று, பெரிய எலிக்கு ஐந்தாறு மீட்டருக்கு ஒன்று. தீனி பட்டாணி அளவு போதும். பெரிய துண்டாக வைத்தால் ஓரத்தைக் கடித்து எடுத்துக்கொண்டு விசை அடிக்காமலே போய்விடும். எண்ணெய்ப்பசையுள்ள கொட்டையை நசுக்கித் தேய்த்து வைப்பது நல்லது. கூடு கட்டும் பெண் எலி ஒரு சின்னப் பஞ்சுத் துணுக்குக்கே வந்து மாட்டும், உங்கள் துணிப் பெட்டியில் கூடு கட்டியதற்கு இதையும் முயன்று பாருங்கள். பேரன் கை படாத உயரத்தில், பரண் மேல்தான் வைக்க வேண்டும். கீழே வைத்தே ஆக வேண்டும் என்றால் எலி நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை போட்ட மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தரையோடு பொருத்திவிடுங்கள்.

பசை அட்டையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதில் ஒட்டிய எலி உடனே சாகாது. மணிக்கணக்கில், சில நேரம் ஒரு நாளுக்கு மேல், காலைக் கடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருக்கும். பயத்தில் மூத்திரமும் புழுக்கையும் போட்டுக்கொண்டே இருக்கும், பக்கத்தில் போகிறவர்களுக்கு அதுவும் ஆபத்து. நியூசிலாந்தில் 2015லிருந்து அனுமதி இல்லாமல் அதை விற்கவோ பயன்படுத்தவோ முடியாது, இங்கிலாந்திலும் 2024 ஜூலையிலிருந்து உரிமம் இல்லாதவர்கள் வைக்கக் கூடாது. எலியைக் கொல்வதை வேலையாகச் செய்கிறவன் நான், அதனாலேயே சொல்கிறேன். கொல்லத்தான் வேண்டும் என்றால் ஒரே அடியில் முடிய வேண்டும். நல்ல ஸ்பிரிங் உள்ள பொறி அதைச் செய்யும். கூண்டில் பிடித்ததைத் தண்ணீரில் முக்குவது மிகக் கொடுமையான சாவு. பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் திரும்பி வரும். தூரத்தில் விட்டால் வேறொருவர் வீட்டுக்குப் போகும், இல்லையென்றால் பழக்கமில்லாத இடத்தில் சில நாளில் செத்துப்போகும்.

ஒலிக் கருவி வாங்க வேண்டாம். அந்த ஒலி சுவரையும் அலமாரியையும் தாண்டாது. எலியும் சில நாளில் பழகிவிடும். 2001ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இந்தக் கருவிகளைத் தயாரிப்பவர்களும் விற்பவர்களுமாக 60க்கு மேற்பட்டவர்களுக்கு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கை அனுப்பியது. அந்துருண்டையும் அப்படித்தான், எலி ஓடும் அளவுக்கு வைத்தால் அதற்கு முன்பே குழந்தைக்கு மூச்சு முட்டும்.

பூனை விஷயத்தில் உங்களுக்கு இப்போது இரண்டு காரணத்தால் வேண்டாம் என்கிறேன். பூனை சுண்டெலியைப் பிடிக்கும், ஆனால் வளர்ந்த பெரிய எலியோடு மோத விரும்பாது. 2018ல் வெளிவந்த ஒரு ஆய்வில், நியூயார்க்கில் எலிகள் மண்டிக்கிடந்த ஒரு குப்பை மறுசுழற்சிக் கூடத்தில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். பூனைகள் எலியைக் கொன்றது மொத்தம் இரண்டே முறை. பூனையைக் கண்டதும் எலிகள் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொண்டன, அவ்வளவுதான். இரண்டாவது காரணம்தான் முக்கியம். பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம், கர்ப்பிணிக்கு அது தொற்றினால் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். பூனை ஆசை இருந்தால் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுண்டெலியின் மூத்திரத்திலும் புழுக்கையிலும் எச்சிலிலும் ஒரு வைரஸ் இருக்கக்கூடும். மற்றவர்களுக்குக் காய்ச்சல், தலைவலியோடு போய்விடும். கர்ப்ப காலத்தில் தொற்றினால் குழந்தையின் மூளையையும் கண்ணையும் பாதிக்கலாம். அபூர்வமாக நடப்பதுதான், பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தவிர்ப்பது மிகச் சுலபம். எலி நடமாடிய இடத்தைச் சுத்தம் செய்வது, பொறியைத் தொடுவது, பரணைக் கிளறுவது எதையும் அவர் செய்ய வேண்டாம், செய்யும்போது அந்த அறையிலும் இருக்க வேண்டாம். இதைப் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

சுத்தம் செய்வதில் துடைப்பத்தை எடுப்பதுதான் எல்லோர் கையும் முதலில் செய்யும் வேலை. அதைச் செய்யாதீர்கள், வாக்குவம் கிளீனரும் வேண்டாம். காய்ந்த புழுக்கை தூளாகிக் காற்றில் பறந்தால் மூச்சு வழியாக உள்ளே போகும். ஹான்டா வைரஸ் அப்படித்தான் பரவுகிறது. ஜன்னல் கதவைத் திறந்து வைத்து அரை மணி நேரம் வெளியே இருங்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று அன்றன்றைக்கு கலந்து, புழுக்கை நன்றாக நனையும்படி தெளியுங்கள். ஐந்து நிமிஷம் ஊறட்டும். பிறகு காகிதத்தால் துடைத்து எடுத்து, பையில் கட்டி, குப்பையில் போடுங்கள். அந்த இடத்தை மறுபடி அதே கரைசலால் துடையுங்கள். டாய்லெட் கழுவும் ஆசிடோடு பிளீச்சைக் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். செத்த எலியையும் பொறியையும் இப்படியே நனைத்துத்தான் எடுக்க வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி மூத்திரத்திலிருந்து காயம் வழியாக ஏறும், கையில் வெட்டு இருந்தால் இந்த வேலையை வேறொருவருக்குக் கொடுங்கள். அடுத்த சில வாரத்தில் யாருக்காவது காய்ச்சலும் கடுமையான தசை வலியும் வந்தால், வீட்டில் எலி இருந்தது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இவ்வளவையும் நாமே செய்ய முடியாது என்று தோன்றினால் ஆளைக் கூப்பிடுவதில் தப்பில்லை. வருகிறவர் முதல் பத்து நிமிஷம் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினால் நல்ல ஆள். உள்ளே வந்ததும் மருந்துப் பையைப் பிரித்தால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக அந்தத் துணிப் பெட்டி. பெட்டியை மூடியபடியே வெளியே திறந்த வெளிக்குக் கொண்டுபோய், அங்கே திறந்து, கூட்டின் மேல் பிளீச் கரைசலைத் தெளித்து ஊறவிட்டு எடுங்கள். துணிகளை உதறாதீர்கள். எலி கடித்து நூல் பிரிந்தவற்றைப் போட்டுவிடுங்கள், பிரிந்த நூல் பச்சைக் குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டு இறுக்கிவிடும். பஞ்சு அடைத்த தலையணையோ பொம்மையோ நனைந்திருந்தால் அதுவும் வேண்டாம், உள்ளே வரை சுத்தமாகாது. மற்ற பருத்தித் துணியெல்லாம் பயன்படுத்தலாம். வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு முறை அலசி, நல்ல வெயிலில் முழுதாகக் காய வைத்தால் போதும். அட்டைப்பெட்டி என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூடி இறுகப் பூட்டும் தடித்த பிளாஸ்டிக் பெட்டியோ தகரப் பெட்டியோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துவைக்கும் வேலையை நீங்களோ மருமகனோ செய்யுங்கள். காய்ந்த பிறகு மடித்து வைப்பதை மகள் செய்யட்டும்.